நிலாப் போட்ட மாத்திரையும் ஜீப்பு டப்பாவும்

முப்பத்திரண்டு வயதில் என்னை எல்லாரும் ரிட்டையர்டு என்கிறார்கள். ஆரம்பித்து வைத்தது என் கணவர். போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் காய் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, “என்னா ரிட்டையர்டு நர்ஸம்மா, காபி கீபி உண்டா?” என்பார். இப்போது காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. ஒப்பந்த நர்ஸ் வேலையை, பிள்ளை பிறந்த பிறகு தொடர முடியாமல் விட்டேன். இதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கேட்கிறவர்கள் யாரும் விளக்கத்துக்காகக் கேட்பதும் இல்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் தேன்மொழி மட்டும் விடாமல் குரல் செய்தி அனுப்புகிறாள். போன வாரம் வந்தது இது: “அக்கா, நாலாம் மாசம் தொடங்குன பொண்ணு ஒன்னு. டாக்டரம்மா ஆஸ்பிரின் எழுதிருக்காங்க. வாங்கவே மாட்டேங்குது. நீங்க எப்படிக்கா எல்லாரையும் சாப்பிட வச்சீங்க? எழுதி அனுப்புங்க, நம்ம நர்ஸுங்க குரூப்புல போடுறேன்.”

எல்லாரையும் சாப்பிட வைத்தேனாம். யார் இந்தக் கதையைக் கட்டிவிட்டது என்று தெரியவில்லை. உண்மை என்ன என்பதைத் தேன்மொழிக்காகவும், அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன். பிள்ளை தூங்கும் இடைவெளிகளில் எழுதுவதால் அங்கங்கே தொடர்பு விட்டுப்போகலாம்.

நான் படித்தது தேனியில். பிறகு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொஞ்ச காலம். அங்கே கற்றுக்கொண்டதெல்லாம் வேகமாக நடப்பதும், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வதும்தான். கல்யாணமாகி போடிக்கு வந்து, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த பிறகு, எனக்கு வாய்த்த டாக்டரம்மா அந்த இரண்டையும் மறக்க வைத்தார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, ஒரே குரலில், திரும்பத் திரும்பக் கேட்பார். கர்ப்பிணியிடம் எல்லாம் விளக்கிச் சொல்லி முடிப்பார். அவள் “சரிங்கம்மா” என்பாள். உடனே வரும்: “சரின்னா என்ன சரி?”

அவ்வளவுதான். வெளியே வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நிற்கும். உள்ளே டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் வாயிலிருந்து நான்கு பதில்கள் வரும்வரை காத்திருப்பார். மாத்திரை யாருக்கு, எதுக்கு, எப்போ, எப்போ வரைக்கும். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து. பக்கத்தில் நிற்கும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

ரத்தக்கொதிப்பு பார்ப்பதற்கும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவள் முதலில் பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். முதுகு சாயும் நாற்காலி. பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் தளர்த்த வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து நிமிடம் மௌனம். அவளும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது, கூட வந்த நாத்தனாரும் பேசக்கூடாது. நம் ஊரில் ஒரு நாத்தனாரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைப்பது பிரசவம் பார்ப்பதைவிடக் கஷ்டம். அவசரத்தில் ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா எண்ணைப் பார்க்கவில்லை. “முதுகு சாஞ்சிருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். திரும்பப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் தடவை கணிசமாகக் குறைந்திருந்தது. அவர் அந்த எண்ணை எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

ஆஸ்பிரின் விஷயத்துக்கு வருகிறேன். முந்தைய பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு ஏறியவர்கள், முன்பே கொதிப்போ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், இன்னும் சில காரணங்கள் சேர்ந்து வருகிறவர்கள் என்று பார்த்து, டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் கொடுப்பது இது. மூன்று மாதம் முடிந்ததும் தாமதிக்காமல் ஆரம்பிக்க வேண்டும். குறைந்த அளவு. இரவில் சாப்பிட்ட பிறகு. நிறுத்துவதும் டாக்டர் சொல்லும்போதுதான். பின்னால் கொதிப்பு ஏறி ஜன்னி என்கிற வலிப்பு வரும் வாய்ப்பை இது குறைக்கும். குறைக்கும் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். எல்லா கர்ப்பிணிக்கும் இது கிடையாது. தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

இதை இப்படியே சொன்னால் எவர் கேட்டார்? ஒருத்தியின் மாமனார் தன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிட்டார். 

“ஏம்மா, நான் தின்னுறதும் இதுதான், என் மருமக தின்னுறதும் இதுதான். எனக்கு நெஞ்சுல அடைப்புன்னு குடுத்தாய்ங்க. அந்தப் புள்ளைக்கு எதுல அடைப்பு?”

அவருக்கு விளக்கினேன். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தடையில்லாமல் போக வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப அவளுக்கும் அடைப்புதான்னு சொல்லு” என்று எழுந்து போனார். தேன்மொழி, நீ சொன்ன பொண்ணுடைய பிரச்சினையும் இந்த வகையாக இருந்தால் நீ அதிர்ஷ்டக்காரி. வாசலில் வந்து சண்டை போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். எதிர்ப்பே சொல்லாமல் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்பிக்கிறவர்கள்தான் ஆளைக் கொல்வார்கள்.

முருகேஸ்வரி அப்படி ஒப்பித்தவள்.

இருபத்தைந்து வயது இருக்கும். முதல் பிரசவத்தில் ஏழாம் மாதம் கொதிப்பு ஏறி, ஜன்னி கண்டு, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இரண்டாவது தரித்ததும் தானாகவே எங்களிடம் வந்துவிட்டாள். டாக்டரம்மா மூன்று மாதம் முடிந்த கையோடு ஆஸ்பிரின் எழுதினார். மாத்திரைக் கவரின் மேல் நீல மையில் ஒரு பிறை வரைவார். இரவு மாத்திரைக்கு அது அடையாளம். முருகேஸ்வரி ஒரு தடவைகூடத் தப்பாமல் சொன்னாள்: “எனக்கு. பிரஷர் ஏறாம இருக்க. ராத்திரி சாப்புட்டதுக்கப்புறம். நீங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும்.” தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் எது வந்தாலும் உடனே வர வேண்டும் என்பதையும் ஒப்பித்தாள். ஒவ்வொரு மாதமும் காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள். டாக்டரம்மா முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சிரிப்பு வந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இதற்கிடையில் நானும் கர்ப்பமானேன். எனக்கு முதல் பிள்ளை. என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு ஜன்னி வந்தது. என் எடையும் அதிகம். டாக்டரம்மா கவரில் பிறை வரைந்து என் பக்கம் தள்ளினார். “சொல்லு” என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ‘எதுக்கு’ என்கிற கேள்வி வந்ததும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். வரிசை வேப்பமரம் வரைக்கும் நின்றது.

அதன் பிறகு ஒவ்வொரு இரவும் எனக்கு ஒரு பரீட்சை. மாத்திரையை அழுத்தி எடுப்பேன், விழுங்குவேன். கையைக் கழுவும்போது சந்தேகம் வரும். விழுங்கினேனா, கீழே விழுந்ததா? குனிந்து கட்டிலுக்கடியில் தேடுவேன். பல் தேய்க்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம் கண்டால், இது மாத்திரையாலா, பிரஷ்ஷாலா, கர்ப்பத்தாலா? என் கணவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: “முழுங்குனத நான் பாத்தேன். வேணும்னா நாட்டாமைகிட்ட சாட்சி சொல்றேன். படு.” ஈறில் ரத்தம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “மெதுவா தேய்” என்றார். இரண்டே வார்த்தை. அதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது.

முருகேஸ்வரிக்கு ஏழாம் மாதம் தொடங்கியபோது எனக்கு ஐந்தாம் மாதம். அந்த மாதச் சோதனையில் அவளுடைய கொதிப்பு கொஞ்சம் கூடியிருந்தது. கொதிப்புக்கு மாத்திரை கொடுக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் நாலைந்து நாளில் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவள் வரவில்லை. மலைமேல் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக அந்தப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய்விட்டு, பொழுது சாயும்போதுதான் இறங்குவார்கள். பகலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் பூட்டு பதில் சொல்லும். ஏழு மாத வயிற்றோடு அந்த வளைவுகளில் போகாதே என்று சொல்லாத நாள் இல்லை. “சோலிய விட்டா அடுத்த வருசம் ஜீப்புல ஏத்த மாட்டாக” என்பாள். 

ஆகவே ஒரு சாயங்காலம் கொதிப்பு பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஜீப்பு நிற்கும் இடத்தில், சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தேன்.

ஜீப்பு வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று சொன்னால் போக்குவரத்துப் போலீஸ்காரர் மயங்கி விழுவார். முதலில் இறங்கியவள் என்னைப் பார்த்து, “ஆத்தாடி, நர்ஸம்மாவ ஆஸ்பத்திரியில இருந்து வெரட்டி விட்டாய்ங்களா, பாலத்துல உக்காந்துருக்கு?” என்றாள்.

“முருகேஸ்வரி எங்க?”

“உள்ளதான் கெடக்கா. தலை இடிக்குதுன்னு மத்தியானத்துல இருந்து மூஞ்சியச் சுருட்டி வச்சிருக்கா.”

பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். முருகேஸ்வரி சீட்டு மூலையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ராமாயி. நாற்பது வயதுக்காரி. ஜீப்பு முழுக்க அவளை மதினி என்றுதான் கூப்பிடும். யார் எந்தச் சீட்டு, யார் அடுத்த நாள் வரவில்லை என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். ராமாயி மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். அதற்குள்ளே பச்சை, சிவப்பு, மஞ்சள், பாதி அட்டை, கால் அட்டை என்று ஒரே மாத்திரைகள்.

“இந்தாடி, சின்னது மூணு போடு. வெரசா கேக்கும்” என்று ஒரு கவரிலிருந்து அட்டையை உருவினாள். 

கவரின் மேல் நீல மையில் பிறை.

“அது எங்க இருந்து வந்துச்சு?” என்றேன்.

“எது?”

“அந்தக் கவரு.”

“இவ கொண்டாந்தது. ஆஸ்பத்திரி போனாள்ல.” ராமாயிக்கு என் கேள்வியே புரியவில்லை. “இது குளிக டப்பா நர்ஸம்மா. நம்ம வண்டி டப்பா.”

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையை அந்தப் பக்கத்துப் பேச்சில் குளிக என்பார்கள். அந்த டப்பாவின் சட்டத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மேலே கடை கிடையாது. காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால், வேலை முடிந்து ஜீப்பு இறங்கும்வரை இறங்க வழியும் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எவளாக இருந்தாலும், ஊருக்குப் போனவர்கள் அல்வா வாங்கி வருவதுபோல, வாங்கிவந்த மாத்திரையை மறுநாள் டப்பாவில் போட்டுவிட வேண்டும். யாருக்கு என்ன வலியோ, ராமாயி அதில் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறவள் கருமி. முருகேஸ்வரி கருமி இல்லை. கொஞ்சம் வீட்டில் வைத்துக்கொண்டு மீதியையெல்லாம் டப்பாவில் போட்டிருக்கிறாள். காலியான அட்டைகளை ராமாயி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள், டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று இவள் கேட்டதால். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இரண்டு பேருக்கும் இல்லை. 

“இந்தச் சின்ன மாத்திரைய வேற யாரெல்லாம் போட்டீங்க?”

“நான் போட்டேன், இடுப்பு வலிக்கு. நல்லாக் கேட்டுச்சு.”

“எனக்குக் கேக்கல. எனக்குப் பச்சைதான் கேக்கும்.”

“இது சின்னதுல்ல, ஒன்னு போட்டா எங்க கேக்கும்? மூணா போடணும்டி.”

நான் கத்தினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். இது தலைவலி மாத்திரை இல்லை, இது அவளுக்கு மட்டும், தினமும் ராத்திரி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், படித்துப் படித்துச் சொன்னேனே என்று.

ராமாயி டப்பாவை மூடினாள். “சத்தம் போடாத ஆத்தா. நீ போடுற சத்தத்துல எனக்குத் தலை வலிக்குது. போன மழைக்கு இவளுக்குக் குளுந்து ஒடம்பு நடுங்குச்சு. எவ மாத்திர குடுத்தா? நீயா மேல வந்து குடுத்த? அவவ மாத்திர அவவளுக்குன்னா, இவ மேல விழுந்து கெடந்தா எவ மடியில இருந்து எடுத்துக் குடுப்பா?”

இந்த வேலையில் பதில் இல்லாத கேள்விகளை எல்லாரும் என்னைப் பார்த்தே கேட்டார்கள். 

முருகேஸ்வரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “அக்கா, அந்த இரும்பு மாத்திரைய எவளும் கேக்கல. அத மட்டும் ஒழுங்காச் சாப்புட்டுட்டேன்க்கா.”

“தலைவலி எப்ப இருந்து?”

“மூணு நாளா வந்து வந்து போகுது. மதினி குடுத்தாக. கொறைஞ்சுரும்.”

தலைவலி வந்தால் உடனே வா என்று நாங்கள் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஜீப்பில் தலைவலிக்கு வைத்தியம் இருந்தது, அதனால் வரவில்லை. அவ்வளவு நேரான கணக்கு. எந்தத் தலைவலி அவளை எங்களிடம் அனுப்பியிருக்க வேண்டுமோ, அதை மூன்று நாளாக அந்த டப்பா அடக்கி வைத்திருந்தது.

கருவியை எடுத்தேன். எடுத்ததும் டாக்டரம்மா குரல் காதில். முதுகு சாய்ந்திருக்கிறதா? சீட்டில் சாய்த்து உட்கார வைத்தேன். பாதம்? தரையில். கை நெஞ்சு உயரத்துக்கு வர, யாரோ ஒருத்தி தன் தூக்குவாளியை நீட்டினாள். அதன்மேல் துண்டை மடித்துக் கையை வைத்தேன். 

“எல்லாரும் அஞ்சு நிமிஷம் வாயத் தொறக்கக் கூடாது.”

“அஞ்சு நிமிசமா?” என்றாள் ஒருத்தி, மூச்சை அடக்கச் சொன்ன மாதிரி.

ராமாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். டிரைவர் வண்டியை அணைத்தார். அந்த ஜீப்பு அதுவரைக்கும் அவ்வளவு அமைதியாக இருந்திருக்காது. துணியிலும் மயிரிலும் ஏறியிருந்த பச்சைக் காய் வாசனை மட்டும் இருந்தது. எனக்குள் என் பிள்ளை உதைத்தது. கைப்பட்டையில் காற்றை ஏற்றி இறக்கினேன். நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூற்றிரண்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். 

“எப்படி எடுத்த?”

“ஜீப்புலம்மா. முதுகு சாஞ்சிருக்கு. பாதம் தரையில இருக்கு. யாரும் பேசல.”

“ஜீப்புலயா? யாரும் பேசலயா?”

“பேசலம்மா.”

“அப்ப நம்பலாம். அதே வண்டியில தேனிக்குக் கொண்டுபோ. நான் சொல்லி வைக்கிறேன். நீ கூடப் போ.”

இறங்கியிருந்தவர்களில் பாதிப்பேர் திரும்ப ஏறிவிட்டார்கள். ஏன் ஏறினீர்கள், இறங்குங்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒருத்தி வழியெல்லாம் அழுதாள். இன்னொருத்தி அழாதேடி சனியனே என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதாள். ராமாயி மட்டும் முருகேஸ்வரி தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, டப்பாவைக் காலுக்கடியில் தள்ளி, அதன்மேல் பாதத்தை அழுத்தி வைத்திருந்தாள். தேனி வரும்வரை அந்தக் காலை எடுக்கவில்லை.

முருகேஸ்வரியைச் சேர்த்து, கொதிப்புக்கு மருந்து ஏற்றி, சில வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். நாள் தள்ளித் தள்ளி, இனி தள்ள முடியாது என்றானபோது ஆபரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை. கையில் அடங்கும் அளவு. கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் இருந்து, பால் குடிக்கப் பழகி, வீட்டுக்கு வந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். 

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வராமலும் இருந்திருக்கலாம், இன்னும் தள்ளி வந்திருக்கலாம், இப்படியேகூட வந்திருக்கலாம் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை.

டப்பாவுக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. அதை ராமாயியும் டாக்டரம்மாவும் சேர்ந்து போட்டார்கள். டாக்டரம்மா ஒருநாள் காலை ஜீப்பு கிளம்பும் இடத்துக்கே வந்து, டப்பாவில் இருந்ததையெல்லாம் கொட்டிப் பார்த்து, பாதியை எடுத்துக்கொண்டார். காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் வாந்திக்கும் என்று சிலதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். கர்ப்பிணிக்கு அதிலிருந்தும் எங்களைக் கேட்காமல் எதுவும் கிடையாது. நிலாப் போட்ட கவர் டப்பாவுக்குள் வரவே கூடாது. “சரிங்கம்மா” என்றாள் ராமாயி. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று ஜீப்பு தாமதமாகக் கிளம்பியது.

அடுத்த மாதமே இன்னொரு தலைவலி. எந்தச் சிக்கலும் இல்லாத ஒருத்தி வந்து நிற்கிறாள். “எனக்கு மட்டும் ஏன் நிலா போடல? நான் என்ன பாவம் செஞ்சேன்?” உனக்குத் தேவையில்லை, நல்ல செய்திதான் என்றால், முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். யாரும் சாப்பிடாதபோது சாப்பிடு என்று தொண்டை வற்றக் கத்தினேன். பிறகு எல்லாரும் கேட்டபோது வேண்டாம் என்று தொண்டை வற்றக் கத்தினேன். 

என் விஷயம் மீதியிருக்கிறது. நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. கட்டிலுக்கடியில் தேடிய நாட்கள் உட்பட. டாக்டரம்மா ஒன்பதாம் மாதம் நெருங்கும்போது நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். அதற்கப்புறம் ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தால் முகம் வீங்கியிருக்கிறது. கொதிப்பு ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம். எந்த வார்டில் முருகேஸ்வரியைக் கொண்டுபோய் விட்டேனோ, அதே வார்டில் என்னையும் படுக்க வைத்தார்கள். மறுநாள் மகன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். கொதிப்பும் சில வாரத்தில் இறங்கியது. ஆனால் அன்று படுக்கையில் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. ஒழுங்காக இருந்ததற்கு என்ன மரியாதை? ஒரு நாள் தவறாமல் விழுங்கியவளுக்கும், ஊருக்கே பங்கு வைத்தவளுக்கும் ஒரே வார்டா?

மூன்றாம் நாள் ராமாயி ஜீப்பு ஆட்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். “அப்பு நல்லாத்தான் இருக்கான்” என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடு கேட்டாள்:

“உண்மையச் சொல்லு. நீ யாருக்குப் பங்கு குடுத்த?”

நாலு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, தையல் வலித்தது. யாருக்கும் கொடுக்கவில்லை, எல்லாம் நான்தான் சாப்பிட்டேன் என்றேன். ராமாயி நம்பவில்லை. அந்த நம்பாத முகம் இன்றுவரை கண்ணில் நிற்கிறது.

தேன்மொழி, உன் கேள்விக்குப் பதில் இதற்குள் எங்கேயாவது இருந்தால் எடுத்துக்கொள். இந்த மாத்திரை ஒரு வாக்குறுதி என்று யாரிடமும் சொல்லாதே. வாய்ப்பைக் குறைக்கும், நாளைத் தள்ளிப்போடும், சிலருக்கு வராமலே தடுக்கும், யாருக்கு எது என்று முன்கூட்டித் தெரியாது. ஒழுங்காகச் சாப்பிட்டவளுக்குக் கொதிப்பு ஏறினால் ஊர் மாத்திரையைத் திட்டும். ஏறாவிட்டால் மாத்திரைக்கு ஒரு நன்றியும் வராது. எனக்கு எட்டு மாதம் முழுசாகத் தள்ளிக்கொடுத்தது அந்த மாத்திரையாகவும் இருக்கலாம். தெரியாது. தெரியாததைச் சாப்பிடச் சொல்லித் தினமும் பேசுவதுதான் நம் வேலை. அப்புறம், காலி அட்டையை நம்பாதே. சாயங்காலம் பாலத்துக்குப் போ. நீ சொன்ன பொண்ணு மாத்திரை வாங்க மறுக்கும் காரணம் வீட்டிலும் இல்லாமல் ஆஸ்பத்திரியிலும் இல்லாமல் ஜீப்பில் இருக்கலாம்.

இதை நேற்றே முடித்து அனுப்பியிருக்க வேண்டும். சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, எங்கள் தெருமுனையில் ஜீப்பு நின்றுவிட்டது. ராமாயி உள்ளிருந்து ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கினாள். ஒல்லியாக, பயந்த கண்ணோடு ஒருத்தி.

“இவளுக்கு நாலாம் மாசம் தொடங்கிருச்சு. இவ அக்கா முருகேஸ்வரிக்கு நடந்தது இந்த மாத்திரையாலதான்னு பயந்துக்கிட்டு, புது நர்ஸு குடுத்த நிலாவ வாங்காம வந்துட்டா. நீ ஒரு வார்த்த சொல்லு.”

“நான் ரிட்டையராயிட்டேன் மதினி. தேன்மொழிகிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

“வேலதான போச்சு. வாயுமா ரிட்டையராயிருச்சு?”

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. பிரசவத்துக்குப் பிறகு, பயத்தில் எனக்கென்று ஒரு கொதிப்புக் கருவி வாங்கி வைத்திருக்கிறேன். எடுத்துவந்து, வாசலில் நாற்காலி போட்டேன். சாய்ந்து உட்காரச் சொன்னேன். பாதத்தைத் தரையில் வைத்தாள். ஸ்டூலில் தலையணை போட்டுக் கையை உயர்த்தி வைத்தேன். எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டிரைவர் வண்டியை அணைத்திருந்தார். உள்ளே ஒரு பேச்சில்லை. என் மகன் மட்டும் ஏதோ கத்தினான். ராமாயி இறங்கிவந்து அவனை வாங்கி, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

கொதிப்பு சரியாக இருந்தது. அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அக்காளுக்கு நடந்ததற்கு மாத்திரை காரணமில்லை என்று. உனக்கு ஏன் எழுதியிருக்கிறார்கள், எப்போது சாப்பிடுவது, எப்போது வரைக்கும், தலைவலி வந்தால் எங்கே ஓட வேண்டும். நாளைக் காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கவரை வாங்கிக்கொள்.

“சரிக்கா” என்று எழுந்தாள்.

“சரின்னா என்ன சரி?” என்றேன்.

அவள் ராமாயியைப் பார்த்தாள். ராமாயி என் மகனை இடுப்பில் சரிசெய்துகொண்டு, ஜீப்புப் பக்கம் திரும்பி, “எறங்கி டீயக் குடிங்கடி, நேரமாகும்” என்றாள். பிறகு அவளிடம், “உக்காரு. சொல்லு” என்றாள்.